ஆண்டெனா அண்ணாச்சி பதில்கள்: சகிக்க முடியாத நாயகர்கள்

எங்கள் வீட்டில் ராத்திரி ஆனால் யூடியூபில் ‘உப்பும் முளகும்’ மலையாளத் தொடரின் பழைய எபிசோடுகள்தான். அதில் வரும் பாலுவுக்கு வேலை என்றாலே சோம்பல், வாயைத் திறந்தால் பொய், கையில் காசு நிற்காது. பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் என் மாமியார் படியேற விடமாட்டார். ஆனால் பாலு வந்தால் மட்டும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கிறார். இது என்ன நியாயம்?
— வாசகி, பாறசாலை

நியாயம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை அம்மா. காரணம் மட்டும் இருக்கிறது. எனக்கு அதைக் காட்டியவர் என் தாய்மாமா.

மாமாவுக்குக் களியக்காவிளைப் பக்கம் ஒரு சாயாக்கடை. பள்ளிக்கூடம் லீவு என்றால் நான் அங்கே கிளாஸ் கழுவுவேன். ஒருநாள் லாரியிலிருந்து இறங்கி வந்த ஒருவர் சாயாவை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "சேட்டா, சீனி போதாது" என்றார். மாமா கிளாஸைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தானும் ஒரு வாய் குடித்தார். "எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி அதே கிளாஸை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

பெஞ்சில் இருந்த ஐந்தாறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லாரிக்காரர் சிரிக்கவில்லை. சிரித்தவர்களில் ஒருவரும் அந்தச் சாயாவுக்குக் காசு கொடுத்தவர் இல்லை, கவனியுங்கள்.

டிவி நம் எல்லாரையும் அந்த பெஞ்சில் உட்காரவைத்துவிடுகிறது. பாலு திருப்பித் தராத கடன் நம்முடைய பணம் கிடையாது. பகலில் உங்கள் மாமியார் லாரிக்காரர், ராத்திரி பெஞ்சுக்காரர். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் மாமா கதையில் மிச்சம் இருக்கிறது. கிளாஸைத் திருப்பிக் கொடுத்த மிதப்பில் அவர் லாரிக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்க, பின்னால் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, அன்றைய சாயங்கால வியாபாரமே போச்சு. அப்போது லாரிக்காரரும் சிரித்தார். பெஞ்சைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

காமெடியில் ஒரு மோசமான ஆளை வருஷக்கணக்கில் நாம் பொறுத்துக்கொள்ள இந்தப் பால் பொங்கியே ஆகவேண்டும். பாலு சொல்லும் பொய் மனைவி நீலுவிடம் எப்படியும் மாட்டும் என்று உங்கள் மாமியாருக்குத் தெரியும். எப்போது, எப்படி என்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார். பாலு தொடர்ந்து நாலு வாரம் மாட்டாமல் ஜெயித்துக்கொண்டே போனால் ரிமோட்டைத் தேடுவதும் அவராகத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் இந்த மாதிரி ஆள்களைப் பார்க்க ஒரே ஒரு தொடர் சொல்லுங்கள். எனக்கு நேரமும் குறைவு, டேட்டாவும் குறைவு.
— கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

‘ஃபால்டி டவர்ஸ்’. மொத்தமே 12 எபிசோடுகள். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. பிபிசி தயாரிப்பு. டேட்டா தாங்கும்.

பேசில் ஃபால்டி என்பவர் இங்கிலாந்தின் டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் ஹோட்டல் நடத்துகிறார். வாடிக்கையாளர் என்றாலே அவருக்கு எரிச்சல். மனைவி என்றால் பயம், அந்தப் பயத்தை வெயிட்டர் மேல் இறக்குவார். 1970-ல் நடிகர் ஜான் கிளீஸ் தன் குழுவோடு அந்த ஊரில் தங்கிய ஹோட்டலின் முதலாளி விருந்தாளிகளிடம் அப்படி ஒரு கடுகடுப்பாம். குழுவில் மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனார்கள். கிளீஸும் மனைவி கோனி பூத்தும் அங்கேயே இருந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து எழுதியதுதான் இந்தத் தொடர். இரண்டாவது ஆறு வருவதற்குள் அவர்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. எழுதுவதை மட்டும் விடவில்லை.

ஒரு காட்சி சொல்கிறேன். பெரிய மனிதர்கள் சாப்பிட வந்திருக்கிறார்கள். வேறொரு உணவகத்திலிருந்து வாத்துக்கறி வாங்கிக்கொண்டு காரில் பறந்து வருகிறார் பேசில். நடுரோட்டில் கார் நின்றுவிடுகிறது. கெஞ்சுகிறார். திட்டுகிறார். மூன்று எண்ணுவதற்குள் கிளம்பவில்லை என்றால் நடப்பதே வேறு என்று மிரட்டுகிறார். அப்புறம் இறங்கி எங்கோ ஓடுகிறார். கேமரா காரையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு மரக்கிளையை ஒடித்துக்கொண்டு வந்து காரை விளாசு விளாசென்று விளாசுகிறார்.

ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினை எட்டி உதைத்துக் கால் விரல் வீங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். பேசில் நமக்கு அந்நியர் இல்லை. மலையாளத்தில் பொங்கச்சம் என்பார்களே, இருப்பதைவிடப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளும் அந்த வியாதி அவருக்கு முற்றிப்போயிருக்கிறது. மேல்தட்டு ஆள்கள் தன் ஹோட்டலுக்கு வரவேண்டும் என்ற ஒரே ஆசைக்காக எவ்வளவு அவமானத்தையும் தாங்குவார். ஆசையே இல்லாத கெட்டவனை வைத்துக் காமெடி பண்ண முடியாது. உயிரைக் கொடுத்து ஆசைப்பட்டு, அதற்கான லாயக்கு இல்லாமல் அல்லாடுகிறவன்தான் வேண்டும்.

‘தி ஆபீஸ்’ தொடரில் பிரிட்டிஷ் மேனேஜர் மோசமா, அமெரிக்க மேனேஜர் மோசமா?
— வங்கி ஊழியர், தக்கலை

பிரிட்டிஷ்தான், சந்தேகமே வேண்டாம். ரிக்கி ஜெர்வைஸ் நடித்த டேவிட் பிரென்ட் நகைச்சுவை என்று நினைத்து ஏதாவது சொல்லிவிட்டு கேமராவைத் திரும்பிப் பார்ப்பாரே, அந்தப் பார்வையை என்னால் விரல் இடுக்கு வழியாகத்தான் பார்க்க முடியும். ஆனால் 2001 முதல் 2003 வரை, கிறிஸ்துமஸ் ஸ்பெஷலையும் சேர்த்து, அது 14 எபிசோடுகள்தான். அமெரிக்கர்கள் 2005-ல் தொடங்கி ஒன்பது சீசன், 201 எபிசோடுகள் எடுத்தார்கள். முதல் சீசனில் ஸ்டீவ் கரெலின் மைக்கேல் ஸ்காட்டும் கடுப்பேற்றும் ஆள்தான். இரண்டாவது சீசனிலிருந்து தலைமுடியைக்கூட மாற்றி, கொஞ்சம் இளக்கி, இந்த ஆளுக்கும் ஒரு மனசு இருக்கிறது என்று காட்டினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வரும் தொல்லைபிடித்த உறவுக்காரரைச் சமாளிக்கலாம். வருஷக்கணக்கில் தங்கப்போகிறார் என்றால் அவர் ராத்திரி எழுந்து குழந்தையைத் தாலாட்டவாவது தெரிந்திருக்க வேண்டும்.

தண்டனை கிடைத்தால்தான் ரசிப்போம் என்று முன்பு ஒரு பதிலில் எழுதினீர்கள். ‘சைன்ஃபெல்ட்’ கடைசி எபிசோடில் நாலு பேரையும் ஜெயிலுக்கே அனுப்பினார்களே, அதை ஏன் பலர் திட்டினார்கள்?
— மென்பொருள் ஊழியர், திருவனந்தபுரம்

நல்ல மடக்கு. கட்டிப்பிடித்து உருகுவதும் கிடையாது, பாடம் கற்றுத் திருந்துவதும் கிடையாது என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் விதி வைத்து ஓட்டிய, நாலு நண்பர்களைப் பற்றிய அமெரிக்கத் தொடர் அது. கல்யாணப் பத்திரிகைக்குச் சிக்கனம் பார்த்து வாங்கிய மலிவுக் கவர்களின் பசையை நக்கி, நாலு பேரில் ஒருவரான ஜார்ஜின் வருங்கால மனைவி செத்துப்போகிறாள். நாலு பேரும் காபி குடிக்கப் போகிறார்கள். கேவலமான ஆள்கள்தான், ஆனால் வாராவாரம் சில்லறை அவமானம் வாங்கிக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1998 மே 14-ஆம் தேதி ஒளிபரப்பான கடைசி எபிசோடில், ஒருவர் கொள்ளையடிக்கப்படுவதை வேடிக்கை பார்த்துச் சிரித்த குற்றத்துக்கு ஓராண்டு சிறை. அமெரிக்காவில் ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

மாதாமாதம் வசூல் பண்ணின கேபிள் கட்டணத்தை ஒன்பது வருஷம் கழித்து மறுபடி மொத்தமாகக் கேட்டால் வாடிக்கையாளர் என்ன செய்வார்? அதேதான். போதாததற்கு, அந்த நாலு பேரோடு சேர்ந்து சிரித்தவர்கள் நாமும்தானே. கூண்டில் நம்மையும் ஏற்றின மாதிரி இருந்தது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. நம் மரபில் நாயகன் என்றால் நல்லவன்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குழித்துறை

கேள்வியே இல்லாமல் தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், ஐயா. இருந்தாலும் மரியாதையோடு சொல்கிறேன். தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் காரணங்கள் நாலு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அந்தப் பட்டியலில் நற்குணம் எங்கேயும் இல்லையே.

நம் குமரி மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் போகும். ராமன் நல்லவன், யார் இல்லை என்றது? ஆனால் தூங்கி வழிகிற பிள்ளைகளை உலுக்கி எழுப்புவது கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்கு வரும்போதுதான். இரண்டும் ஒன்றையொன்று வையும், அடிக்கும், நம் ஊர்ப் பேச்சையே பேசும். கோயில் முற்றத்தில் பனையோலைப் பாயில் படுத்திருந்த எனக்கு வாலி வதம் ஞாபகம் இல்லை. உச்சிக்குடும்பன் தலையில் விழுந்த அடியின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நாயகனும் கோமாளியும் தனித்தனியாக நின்றார்கள். டிவி காமெடி செய்ததெல்லாம் ராமனுக்கு லீவு கொடுத்துவிட்டு உச்சிக்குடும்பனைக் குடும்பத் தலைவர் ஆக்கியதுதான்.

மோசமான குணங்களைச் சிரிப்பாக்கினால் அதைப் பார்க்கிறவர்கள் கெட்டுப்போக மாட்டார்களா?
— வாசகி, பனச்சமூடு

இதற்கு மட்டும் என்னிடம் நிம்மதியான பதில் கிடையாது.

அமெரிக்காவில் 1971 முதல் 1979 வரை ‘ஆல் இன் தி ஃபேமிலி’ ஓடியது. அதன் நாயகன் ஆர்ச்சி பங்கர் நியூயார்க்கில் குடியிருக்கும் தொழிலாளி. கறுப்பர், யூதர், வந்தேறிகள் யாரைக் கண்டாலும் வாய்க்கு வந்ததைப் பேசுவார். அந்தப் புத்தியைக் கிண்டல் செய்யத்தான் நார்மன் லியர் எடுத்தார். தொடர்ந்து ஐந்து சீசன் அமெரிக்காவில் அதுதான் முதலிடம். 1974-ல் விட்மர், ரோக்கீச் என்ற இரு ஆய்வாளர்கள் பார்வையாளர்களையே கேட்டுப் பார்த்தார்கள். இனவெறுப்பு அதிகம் உள்ளவர்கள் ஆர்ச்சி கேலி செய்யப்படுவதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. நம் ஆள் உள்ளதைச் சொல்கிறார் என்று ரசித்திருக்கிறார்கள்.

அதாவது பால் பொங்கினது அவர்கள் கண்ணில் படவில்லை.

மழவில் மனோரமா என்ற மலையாள சேனலில் 2011-ல் தொடங்கிய ‘மறிமாயம்’ அரசு அலுவலகத்து லஞ்சத்தையும் இழுத்தடிப்பையும் போட்டு வாட்டும் தொடர். ஒரு சான்றிதழுக்காக ஏதோ ஓர் அலுவலகத்தில் எட்டுத் தடவை படியேறி இறங்கிய கடுப்பில் நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்து பார்த்த சிநேகிதர் அதே மாதிரி ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவரும் என்னளவு சிரித்தார். நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் சிரித்தோமா என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

பெண்களை மட்டும் ஏன் இப்படிக் காட்டுவதில்லை?
— ஆசிரியை, நெய்யாற்றின்கரை

யார் சொன்னது? ‘வீப்’ என்ற அமெரிக்கத் தொடரில் சுயநலமே உருவான துணை ஜனாதிபதியாக நடித்த ஜூலியா லூயி-டிரைஃபஸுக்கு வரிசையாக ஆறு எம்மி விருதுகள். இந்தியில் 2004-ல் வந்த ‘சாராபாய் வெர்சஸ் சாராபாய்’ பார்த்தீர்களா? ரத்னா பாடக் ஷா நடித்த மாயா, மருமகளின் நடுத்தரவர்க்கப் பழக்கங்களைச் சிரித்த முகத்தோடு, குரலை உயர்த்தாமல் குத்திக்கொண்டே இருப்பார். தமிழில் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ மாமியார் மருமகள் இருவருமே கூசாமல் சதி செய்வார்கள்.

கேபிள் நடத்தியபோது ஒரு விஷயம் கவனித்தேன். மழையில் லைன் போனால், கண்ணீர் சீரியல் நேரத்தில் பெண்கள் நாளைக்குச் சரி பண்ணினால் போதும் என்பார்கள். மாமியாரும் மருமகளும் மோதுகிற காமெடி நேரத்தில் போனால் ஐந்து நிமிஷத்துக்குள் போன். அதில் மாமியார்களும் இருந்தார்கள், மருமகள்களும் இருந்தார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு போன் வந்ததும் உண்டு.

கேபிள்காரரை நாயகனாக வைத்துத் தொடர் எடுத்தால் உங்களை எப்படிக் காட்டுவார்கள்?
— வாசகர், அருமனை

சகிக்க முடியாத ஆளாகத்தான். முதல் எபிசோடு கையில் இருக்கிறது.

1985-ல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது ஆண்டெனா கட்டப் போனவன் நான். வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம். கிழக்கே திருப்பினால், கடல் மனசு வைத்தால், இலங்கை ரூபவாஹினி. 1993-ல் சன் டிவியும் ஏஷியாநெட்டும் வந்தபின் கேபிளுக்கு மாறினேன். கையில் சாவியும் வயரும் வந்ததும் தலையில் கனம் ஏறிவிட்டது. மூன்று மாதம் பாக்கி என்று ஒரு வீட்டு லைனை, எல்லாரும் டிவி முன் உட்காரும் நேரமாகப் பார்த்து, வேண்டுமென்றே அறுத்துவிட்டு வந்தேன்.

அரை மணி நேரத்தில் அந்த வீட்டுப் பெரியம்மா, மகன், மருமகள், பிள்ளைகள் எல்லாரும் என் வீட்டு முன்னறையில். "இங்க தெரியுமுல்லா" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கட்டன் சாயாவும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு உட்கார இடம் இல்லை. கதவோரம் நின்று பார்த்தேன். விளம்பர இடைவெளியில் என் உதவியாளன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து காதில் சொன்னான்: அந்த மூன்று மாதப் பணத்தையும் அவனிடம் கொடுத்திருக்கிறார்கள், அவன்தான் நோட்டில் எழுதவில்லையாம்.

காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். பெரியம்மா திண்ணையில் இருந்தார். நான் போஸ்ட்டில் ஏணியைச் சாத்துவதைப் பார்த்துவிட்டு, "பாத்து ஏறு மக்கா" என்றார்.