கடிப்பதை நிறுத்திய பூட்ஸ்

கேள்வி: எனக்கு 47 வயது. கட்டட வேலையில் கம்பி கட்டுகிறேன். மூன்று மாதம் முன்பு, விரல் பக்கம் இரும்பு வைத்த தடித்த லெதர் பூட்ஸ் வாங்கினேன். முதலில் கடித்தது, இப்போது ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது, கால் நாறுகிறது, விரலிடுக்கில் அரிப்பு. அடிப்பாதத்தில் கால் ஆணி இருக்கிறது, கார்ன் பிளாஸ்டர் ஒட்டுகிறேன். போன வாரம் சாக்ஸில் ரத்தக் கறை, எங்கிருந்து என்று தெரியவில்லை. லெதரில் உள்ள குரோமியத்தால் புற்றுநோய் வரும், பாரம் விழுந்தால் இரும்பே விரலை வெட்டிவிடும் என்று இணையத்தில் படித்தேன். அப்பாவுக்குச் சர்க்கரையால் காலை எடுத்தார்கள். பூட்ஸை விட்டுவிடவா?

பதில்: பூட்ஸ் மீது பழி போட வேண்டாம். நகம், நாற்றம், குரோமியம் என்று எழுதிக்கொண்டே போய், என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். சாக்ஸில் ரத்தம், எங்கிருந்து என்று தெரியவில்லை! ரத்தம் வரும் அளவுக்குத் தோல் கிழிந்தால் வலிக்க வேண்டும். கடித்த பூட்ஸ் இப்போது கடிக்கவில்லை என்றால் லெதர் இளகியிருக்கலாம், அது நடப்பதுதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, பூட்ஸ் இன்னும் கடித்துக்கொண்டிருக்கிறது, காலுக்குத்தான் அது தெரியவில்லை என்று சந்தேகப்படுகிறேன்.

அப்பாவின் சர்க்கரையைப் பற்றி எழுதினீர்கள், உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று எழுதவில்லை. பார்க்கவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டுப்படாத சர்க்கரை முதலில் தாக்குவது உடலின் மிக நீளமான நரம்புகளை. அவை முடிகிற இடம் கால் விரல் நுனி. அங்கே தொடங்கி உணர்ச்சி மேல்நோக்கிக் குறைந்துகொண்டே வரும். சிலருக்கு எரிச்சல், மதமதப்பு என்று முன்கூட்டியே தெரியும். பலருக்கு எதுவும் தெரியாது. பூட்ஸின் அடியைத் துளைத்து ஏறிய ஆணியோடு நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மாலையில் கழற்றும்போதுதான் கண்டேன் என்று வந்தவர்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

வலி போனால் என்ன ஆகும் என்பதைத் தொழுநோயாளிகளிடம் கண்டு சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூருக்கு வந்தவர். அந்த நோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போன கையும் காலும் தெரியாமலே திரும்பத் திரும்ப அடிபட்டுச் சிதைகின்றன என்று அவர் காட்டினார். சர்க்கரைக் காலிலும் நடப்பது இதுதான். காலை எடுக்க நேரும் சர்க்கரை நோயாளிகளில் 100க்கு 80 பேருக்கும் மேல் முதலில் வந்திருப்பது பாதத்தில் ஒரு சிறு புண். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் புண்ணை அன்றைக்கே பார்த்திருந்தால் பெரும்பாலும் ஆற்றியிருக்கலாம்.

இன்று இரவே ஒன்று செய்யுங்கள். காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரலால், உங்கள் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு நொடி மட்டும் மெல்லத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. தொட்டதும் வலதா, இடதா என்று சொல்லுங்கள். ஆறு இடத்தில் இரண்டு தெரியாமல் போனாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். ஆறும் தெரிந்தாலும் நாளை டாக்டரிடம் போகத்தான் வேண்டும், ஏனென்றால் ரத்தம் வந்தாயிற்று.

அந்த கார்ன் பிளாஸ்டரை இப்போதே பிய்த்து எறியுங்கள். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். காய்த்த தோல் எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. உணர்ச்சியில்லாத பாதத்தில் அதை ஒட்டுவது நாமே புண்ணை உண்டாக்குவது. கடையில் கேட்டு வாங்கி ஒட்டியதாகத்தான் இருக்கும், டாக்டர் யாரும் காலைத் தொட்டுப் பார்க்காமல் இதை எழுதித் தரமாட்டார். பிளேடால் சீவுவதும் வேண்டாம். காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே ஏற்கெனவே புண் இருக்கிறது. உங்கள் ரத்தம் அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

டாக்டர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், நாடி பார்ப்பார். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், இல்லையேல் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். சர்க்கரை சரியாக இருந்து உணர்ச்சி மட்டும் குறைந்திருந்தால் பி12 குறைவு, மது, தொழுநோய் என்று வேறு காரணம் தேட வேண்டும். புண் இருந்தால் அது ஆறும்வரை அந்தக் காலில் பாரம் ஏறக் கூடாது. கூலி வேலையில் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். சில வாரக் கூலி போவதும், முழங்காலுக்குக் கீழே போவதும் ஒன்றல்ல. இதற்கிடையில் பாதம் சிவந்து வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். வலிக்கவில்லையே என்று இருக்க வேண்டாம், உங்களுக்கு வலி இனி நம்பக்கூடிய சாட்சி இல்லை.

மற்றவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். நகம் கறுத்தது இரும்பில் இடித்து உள்ளே ரத்தம் கட்டியதால். நகம் வளர வளரக் கறை முன்னால் நகரும். பெருவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். நகராமல் நின்றாலோ, கருமை நகத்தை ஒட்டிய தோலுக்குப் பரவினாலோ மட்டும் காட்டுங்கள். நாற்றம் வியர்வையும் பாக்டீரியாவும். அரிப்பு சேற்றுப்புண், பூஞ்சைக் களிம்பில் போய்விடும். ஆனால் ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகப் போடாதீர்கள். குரோமியம் சிலருக்கு அலர்ஜி தரும், லெதர் உரசும் இடத்தில் தடிப்பு வரும், பூட்ஸ் போடுவதால் புற்றுநோய் வராது. உங்கள் தொழிலில் பயப்பட வேண்டியது பூட்ஸுக்குள் இறங்கும் ஈர சிமென்ட்டுக்கு. அது கடுமையான காரம், முதலில் வலிக்காமலே தோலை வெந்துபோக வைக்கும். உள்ளே போனால் வேலை முடியட்டும் என்று இருக்காமல் உடனே கழற்றிக் கழுவுங்கள். இரும்பு விரலை வெட்டும் என்பது வெறும் பீதி. பாதுகாப்பு பூட்ஸுக்கான ஐஎஸ்ஓ 20345 என்ற சர்வதேசத் தரத்தில் அந்த இரும்பு 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதாவது 20 கிலோ பாரம் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. அதை மிஞ்சிய பாரம் விழுந்தால் இரும்பு இல்லாத செருப்பில் விரல் மிஞ்சுமா?

கால் ஆறியபின் பூட்ஸ் போடுங்கள். உள்ளே அட்டையை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பாருங்கள், விரல் ஓரத்தைத் தாண்டினால் அளவு சிறியது. வேறு வாங்குவதானால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று காய நேரம் கிடைக்கும். தினமும் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள், ஆணி முனையோ ஜல்லியோ தட்டுப்படலாம். வெள்ளை சாக்ஸ் போடுங்கள், ரத்தம் உடனே தெரியும்.

நாளை போகும்போது அந்த பூட்ஸையும் கறைபட்ட சாக்ஸையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் உங்கள் பாதத்தைப் பார்த்த பிறகு பூட்ஸுக்குள்ளும் கையை விட்டுப் பார்க்கட்டும்.