மூட்டில் தெரியும் தரம்: மடக்குக் கத்தி பற்றி வாசகர் கேள்விகள்

கடையில் மடக்குக் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, 'நல்ல சரக்கு சார்' என்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் அதை நாமே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் கூர்மையைச் சோதிக்காதீர்கள். மழுங்கிய கத்தியைச் சாணைக்கல்லில் அரை மணி நேரத்தில் தீட்டிவிடலாம். அலகும் கைப்பிடியும் சேருகிற மூட்டு கோணலாக இருந்தால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. ரிவிட் அடித்த கத்தி என்றால் கடைக்காரராலும் முடியாது. எனவே ஐந்து நிமிடத்தில் நான்கை மூட்டுக்குக் கொடுங்கள்.

பூட்டு இல்லாமல், கைப்பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் சாதாரணப் பேனாக்கத்தியை எடுத்துக்கொள்வோம். 'சுவிஸ் ஆர்மி' கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் வழக்கமான 91 மில்லிமீட்டர் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

மூடிய நிலையில் ஒரு கைக்குட்டையை அலகுப் பக்கமாக இழுத்துப் பாருங்கள். துணி நூல் பிடித்து மாட்டினால், அலகின் முனை கைப்பிடிக்குள் முழுசாக அமரவில்லை. இப்படிப்பட்ட கத்தி சட்டைப் பையையும் கிழிக்கும், விரலையும் கிழிக்கும். அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து, நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து மெதுவாகத் திறங்கள். நல்ல கத்தியில் எதிர்ப்பு ஒரே சீராக வரும். கடைசியில் 'டக்' என்று ஒரு சுத்தமான சத்தத்தோடு நிற்கும். பாதி வழியில் கரகரவென்று உரசினால் உள்ளே பிசிறு இருக்கிறது, அல்லது அலகின் அடிப்பாகத்தைச் சரியாக மெருகு போடவில்லை. சில கத்திகள் 90 டிகிரியில் ஒருமுறை நின்று பிறகு நகரும். அது விரலைக் காப்பதற்காக வேண்டுமென்றே செய்த அமைப்பு, குறையல்ல.

இப்போது ஸ்பிரிங்கின் முதுகை நகத்தால் வருடுங்கள். முழுசாகத் திறந்த நிலை, பாதி, மூடிய நிலை என்று மூன்றிலும் வருடிப் பாருங்கள். கைவேலை நன்றாகத் தெரிந்தவர் செய்த கத்தியில் மூன்றிலும் ஸ்பிரிங்கும் அதன் இருபுறமும் உள்ள கைப்பிடித் தகடுகளும் ஒரே மட்டமாக இருக்கும். நகம் எங்கும் தடுக்காது. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் மட்டம், பாதியில் மட்டும் லேசாக மேடு என்றால் பரவாயில்லை. திறந்த நிலையிலேயே தடுக்கினால் அவசர வேலை. பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே பாருங்கள். கோடு போல வெளிச்சம் கசிந்தால் நாளைக்கு அந்த வழியே தண்ணீரும் மாம்பழச் சாறும் உள்ளே போகும்.

கடைசியாக ஆட்டம். ஒரு கையில் கைப்பிடியை இறுகப் பிடித்து, மறு கையின் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அலகின் முதுகைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். பார்க்க வேண்டிய இடம் முனை அல்ல, மூட்டு. மெல்லிய அலகு முனையில் வளையத்தான் செய்யும். மூட்டில் அலகுக்கும் தகட்டுக்கும் இடையே இடைவெளி திறந்து மூடுவது கண்ணில் பட்டால் அது ஆட்டம். புதுக் கத்தியிலேயே ஆடினால் ஆறு மாதத்தில் லொடலொடத்துவிடும்.

மூடியபோது அலகு நட்டநடுவில் இல்லாமல் சற்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். தகட்டில் உரசாதவரை வெட்டுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

'சர்ஜிக்கல் ஸ்டீல்', '440 ஸ்டீல்', 'டி2' என்றெல்லாம் பொறித்திருக்கிறார்கள். எதை நம்புவது?

'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்பது எந்த ஒரு குறிப்பிட்ட உருக்கின் பெயரும் அல்ல. அது எழுதியிருந்தால் தயாரிப்பாளர் எதையும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

'440' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 440ஏ, அல்லது அதைவிட மலிவான ஏதோ ஒன்று. கத்திக்கு உகந்தது 440சி. அதில் கார்பன் சுமார் 1 சதவீதம், முறையாகப் பதம் போட்டால், அதாவது சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கினால், உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 58 முதல் 60 வரை வரும். 420ஜே2 என்பதில் கார்பன் ஏறக்குறைய 0.3 சதவீதம்தான். துரு பிடிக்காது, கூரும் நிற்காது. டி2-வில் கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீதம் அளவில். கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் அது முழு ஸ்டெயின்லெஸ் அல்ல. எலுமிச்சை வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடக்கினால் மறுநாள் புள்ளி விழும். சாதாரணச் சாணைக்கல்லுக்கு எளிதில் மசியாது, வைரத்தூள் பூசிய தகடு வேண்டும். சுவீடனின் 14சி28என் அன்றாடப் பயன்பாட்டுக்கு எங்கள் முதல் பரிந்துரை: துருவும் பிடிக்காது, தீட்டவும் சுலபம்.

உருக்கின் பெயரைவிடப் பதம் முக்கியம். விக்டோரினாக்ஸ் தன் அலகுகளை 56 ராக்வெல் அளவில்தான் வைத்திருக்கிறது. அது கஞ்சத்தனமல்ல, யார் கையிலும், எந்தக் கல்லிலும் ஐந்து நிமிடத்தில் கூர் ஏற வேண்டும் என்ற கணக்கு.

பதத்தை வீட்டில் சோதிக்க ஒரு வழி உண்டு. அலகை நன்றாகத் தீட்டி, செய்தித்தாள் வழுக்கிக்கொண்டு வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். பிறகு அட்டைப் பெட்டியை 30 கீற்றுகளாக வெட்டிவிட்டு, மறுபடி செய்தித்தாளை வெட்டுங்கள். தாள் கிழிபட்டால், மேசை விளக்கின் கீழ் விளிம்பை நேராகப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. எங்கே மின்னுகிறதோ அங்கே கூர் போயிருக்கிறது. விளிம்பு ஒரு பக்கமாக மடிந்திருந்தால் உருக்கு மென்மை. பொடிப் பொடியாக உதிர்ந்திருந்தால் பதம் அளவுக்கு மீறிக் கடினம். ஒரு எச்சரிக்கை: புதுக் கத்தியின் முதல் கூரை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தொழிற்சாலையில் வேகமாகச் சாணை பிடிக்கும்போது விளிம்பு சூடேறிப் பதம் கெடுவது உண்டு. இரண்டு மூன்று முறை கையால் தீட்டியபின் அடியில் இருக்கும் நல்ல உருக்கு வெளியே வரும். அப்போது சோதியுங்கள்.

கடைக்காரர் காகிதத்தை வெண்ணெய் போல வெட்டிக் காட்டினார். அது தரத்துக்கு அடையாளம் இல்லையா?

அன்று காலை நன்றாகத் தீட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். அவ்வளவுதான். அதற்குப் பதில் விளிம்பின் இரு பக்கச் சரிவுகளையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அகலத்தில், அடியிலிருந்து முனைவரை சீராக ஓடினால் தீட்டியவர் கவனமாகத் தீட்டியிருக்கிறார். அப்படியே ஒரு ஆப்பிளையும் வெட்டிப் பாருங்கள். கூராக இருந்தும் பழம் வெட்டுப்படாமல் பிளந்து 'படக்' என்று உடைந்தால், விளிம்புக்குச் சற்று மேலே அலகு தடிமனாக இருக்கிறது. அந்த இடம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் பழம், காய்க்கு நல்லது.

என்னுடைய கத்தியில் உள்தகடே பூட்டாக வந்து நிற்கிறது. அழுத்தினால் சில சமயம் நழுவி மடங்கிவிடுகிறது. சரிசெய்து பயன்படுத்தலாமா?

சரியாகும்வரை பயன்படுத்தக் கூடாது.

இந்த வகைப் பூட்டில் பக்கத் தகட்டின் ஒரு பகுதி ஸ்பிரிங்காக வளைந்து, அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் ஆப்பு போலப் போய் உட்காருகிறது. அதற்காக அலகின் அடிமுகம் சில டிகிரி சரிவாக வெட்டப்பட்டிருக்கும். கத்தியைத் திறந்து பின்பக்கமாகப் பாருங்கள். தகடு அடிமுகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை நகர்ந்து நின்றால் சரி. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் நழுவும். எதிர்ப்பக்கத் தகட்டையே போய்த் தொட்டுவிட்டால் தேய்ந்துபோய்விட்டது.

நழுவுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் எண்ணெய். மூட்டுக்கு விட்ட எண்ணெய் அடிமுகத்துக்கு வழிந்து ஆப்பை வழுக்க வைக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அடிமுகத்தையும் தகட்டின் நுனியையும் துடையுங்கள். பையிலிருந்து சேரும் பஞ்சும் தூசியும் அங்கேதான் அடையும். குத்தூசியால் கிளறி எடுங்கள். பிறகு சோதனை: விரல்கள் அலகின் பாதையில் வராதபடி, கைப்பிடியை உள்ளங்கையாலும் விரல் நுனிகளாலும் பக்கவாட்டில் மட்டும் பிடித்து, அலகின் முதுகை மடித்த துண்டின் மேல் வைத்துப் படிப்படியாக அழுத்துங்கள். மேசையில் ஓங்கி அடித்துக் காட்டும் சோதனை வேண்டாம். அது நல்ல பூட்டையும் கெடுக்கும்.

துடைத்த பின்னும் நழுவினால் சரிவின் கோணமே தப்பு. விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். தகட்டை நீங்களே வளைத்து அழுத்தத்தைக் கூட்டினால் தேய்மானம் கூடுமே தவிர, கோணம் மாறாது.

முதுகில் அழுத்தித் திறக்கும் பூட்டு உள்ள கத்திகளில் மேலும் கீழுமாக மிக லேசான அசைவு பல நல்ல கத்திகளிலும் உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது பூட்டு விழும் பள்ளத்தில் அழுக்கு இல்லாமல் இருக்கிறதா என்பதுதான்.

'தமாஸ்கஸ்' வரிகள் போட்ட கத்தி 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உண்மையா?

அலகின் முதுகைப் பாருங்கள். இரண்டு வகை உருக்கை அடுக்கி அடித்துச் சேர்த்த அலகில் வரிகள் பக்கத்தோடு நின்றுவிடாமல் முதுகிலும் தொடரும். லேசர் அல்லது அமிலத்தால் மேலே பதித்த படமானால் முதுகு வெறுமையாக இருக்கும். இரண்டு தரம் தீட்டினாலே விளிம்பையொட்டி வரிகள் அழிந்துவிடும். 900 ரூபாய்க்கு வருவதில் பெரும்பாலானவை இந்த ரகம். வரிகள் உண்மையாக இருந்தாலும் அடுக்கில் என்ன உருக்கு என்று எழுதாத கத்தியை அழகுக்காக மட்டும் வாங்குங்கள். தென்னிந்திய மூசை உருக்கில் வடித்த பழைய வாள்களின் வரிகள் உலோகத்துக்குள்ளேயே விளைந்தவை. இன்றைய அடுக்கு வேலைக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

மரக் கைப்பிடி போட்ட ஓபினெல் கத்தி மழைக்காலத்தில் திறக்கவே மாட்டேன் என்கிறது. போலியா?

போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890 முதல் செய்யப்படும் இந்தக் கத்தியில் அலகு ஸ்பிரிங்கால் அல்ல, மரப் பிளவின் இறுக்கத்தால்தான் நிற்கிறது. சுழல் வளையப் பூட்டு 1955-இல் சேர்ந்தது. கைப்பிடி பீச் மரம். ஈரத்தை இழுத்து ஊதும், அலகைக் கவ்விப் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

வளையத்தைத் தளர்த்திவிட்டு, கைப்பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்கள் காலங்காலமாகத் திறக்கும் முறை இது. நகத்தால் மல்லுக்கட்டினால் நகம்தான் உடையும். பிறகு நிழலில் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். காய்ந்த பின்னும் இறுக்கமென்றால், ஐஸ்கிரீம் குச்சியில் 240 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, பிளவின் உட்பக்கத்தை இருபுறமும் பத்துப் பத்து இழுப்பு இழுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கோடையில் மரம் சுருங்கும்போது அலகு ஆடத் தொடங்கும். முடிவில் ஆளிவிதை எண்ணெய் பூசி ஒரு நாள் ஊற வையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வையுங்கள், சுருட்டினால் தானாகத் தீப்பிடிக்கக்கூடும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் இதில் கார்பன் உருக்கு ரகத்தைத் தவிர்த்து ஸ்டெயின்லெஸ் ரகத்தை வாங்குவது நல்லது.

எவ்வளவு தீட்டினாலும் அலகின் நடுவில் ஒரே இடம் மட்டும் மழுங்குகிறது. ஏன்?

மடக்கும்போது அந்த இடம் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கில் மோதுகிறது. சோதித்துப் பார்க்க, ஒரு மெல்லிய காகிதக் கீற்றைக் கைப்பிடியின் பள்ளத்தில் வைத்து வழக்கம்போல 'டப்' என்று மடக்குங்கள். காகிதம் வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகமே இல்லை. அலகின் அடியில் தாங்கலாக இருக்கும் சிறு மேடு தேய்ந்திருக்கும், அல்லது செய்யும்போதே அதிகமாக அராவியிருப்பார்கள். வேகமாக விடாமல், விரலால் பிடித்து மெதுவாக மடக்குவது உடனடித் தீர்வு. நிரந்தரத் தீர்வு, விளிம்பு முழுவதையும் அரை மில்லிமீட்டர் தேய்த்து இறக்குவது. மேட்டை அராவிவிடாதீர்கள், அலகு இன்னும் ஆழமாக இறங்கி மோதல் அதிகமாகும்.

மாங்கன்று ஒட்டுக் கட்டும் வேலைக்கு மடக்குக் கத்தி வாங்க வேண்டும். என்ன பார்க்க வேண்டும்?

ஒட்டுக்கத்தி ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்தது. மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டையில்தான் அதன் உயிர் இருக்கிறது. இரும்பு ஸ்கேலின் ஓரத்தைத் தட்டைப் பக்கத்தில் குறுக்காக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் வெட்டு வளையும். தாய்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் முழுசாகப் பொருந்தாமல் நடுவே காற்று நிற்கும், ஒட்டு காய்ந்துபோகும். வலது கைக்கும் இடது கைக்கும் சரிவு எதிரெதிர்ப் பக்கம் வரும் என்பதால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பென்சில் தடிமனில் ஒரு மாங்குச்சியை எடுத்து, நாலைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே இழுப்பில் சீவுங்கள். சீவிய முகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் முழுவதும் படிய வேண்டும். அலை அலையாக வந்தால், உங்கள் கையைக் குறை சொல்லுமுன் மூட்டை அசைத்துப் பாருங்கள். பழக் கத்தியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு ஆட்டம் இங்கே கூடவே கூடாது.

தீட்டும்போது சரிவுப் பக்கத்தை மட்டும் 1000 நம்பர் கல்லிலும், பிறகு 3000 நம்பரிலும் தீட்டுங்கள். தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுசாகப் படுக்க வைத்துப் பிசிறு எடுக்க இரண்டு இழுப்பு போதும். துளி தூக்கினாலும் இரண்டாவது சரிவு விழுந்துவிடும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். நாளடைவில் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பழம், காய் வெட்டும் கத்தி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு. விட்டபின் பத்து முறை திறந்து மூடி, வழிவதைத் துடைத்துவிடுங்கள்.