சாரம் ஆடக் கூடாது

கேள்வி: தரைத்தளம் மட்டுமே உள்ள வீடு. வெளிச்சுவரில் 3 மீட்டர் உயரம் வரை பூச்சு உதிர்கிறது. கொத்திப் பூச வேண்டும். மரச்சட்டமும் பலகையும் இருக்கின்றன. நானே சாரம் கட்டலாமா? பலகை எவ்வளவு தடிமன் வேண்டும்?

கட்டலாம். நிற்கும் தட்டு 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தாலே 3 மீட்டருக்குக் கை எட்டிவிடும். அதற்கு மேல் உயரம் போனால் சாரம் கட்டும் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

பலகை 5 செ.மீ. தடிமன், கால்களுக்கு இடையே 1.8 மீட்டருக்கு மிகாத இடைவெளி. பலகையின் ஓரத்தில் பெரிய முடிச்சு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், அங்கேதான் முறியும். பெயின்ட் அடித்த பலகையும் வேண்டாம், விரிசல் தெரியாது. பலகை தாங்கலைத் தாண்டி 15 முதல் 30 செ.மீ. வரை மட்டும் நீளட்டும். அதற்கு மேல் நீண்டால், நுனியில் கால் வைத்ததும் மறுமுனை தூக்கிக்கொள்ளும்.

நீங்கள் பலகையைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் எனக்குக் கவலை வேறு. நல்ல பலகை போட்ட சாரம்கூட, பக்கவாட்டில் ஆடி ஆடியே சரிந்துவிடும். நான்கு சட்டத்தை ஆணியடித்துச் சதுரமாக்கி ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள், அப்படியே சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு சட்டம் அடித்தபின் தள்ளுங்கள், அசையாது. அந்தச் சாய்வுச் சட்டம் முன்பக்கமும் வேண்டும், இரு பக்கவாட்டிலும் வேண்டும். வேலைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

பலகையைத் தாங்கும் படுக்கைவாட்டுச் சட்டத்தை வெறும் ஆணியில் தொங்கவிடாமல், அதன் அடியில் காலோடு சேர்த்து ஒரு மரத்துண்டை அடியுங்கள். எடை மரத்தின் மேல் உட்கார வேண்டும். அப்புறம், சாரத்தைச் சுவரோடு பிணைக்க வேண்டும். உதிரும் பூச்சில் ஆணி நிற்காது, உள்ளே கட்டுமானம் வரை போக வேண்டும். மழைநீர்க் குழாயிலோ ஜன்னல் சட்டத்திலோ கட்டாதீர்கள்.

வெளிப்பக்கமும் இரு முனைகளிலும் 1 மீட்டர் உயரத்தில் கைப்பிடிச் சட்டம் கட்டாயம். கலவைச் சட்டியோடு பின்னால் ஓரடி வைத்தால் விழுந்துவிடலாம். மின்கம்பி பக்கத்தில் போனால் முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

கால்களை மண்ணில் நேரே நிறுத்தாமல் அடியில் அகலமான பலகைத் துண்டு போடுங்கள். செங்கல் அடுக்கி மட்டம் பார்க்க வேண்டாம், அது நொறுங்கும். இரவில் மழை பெய்திருந்தால், காலையில் ஏறுவதற்கு முன் எந்தக் காலாவது இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.