தாத்தாவின் கோபத்தை எழுதலாமா?

கேள்வி: தாத்தா காலமாகி ஓராண்டு ஆகப்போகிறது. அவருடைய வாழ்க்கையைச் சிறு புத்தகமாக எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் கோபக்காரர். பெரியப்பாவோடு ஏழு வருஷம் பேசவே இல்லை, ஆனால் தினமும் காலையில் பெரியப்பாவின் வண்டி டயரை அழுத்திப் பார்த்து, காற்று குறைவாக இருந்தால் அடித்து வைத்துவிடுவார். “சண்டையெல்லாம் எதற்கு, நல்லதை மட்டும் எழுது” என்கிறார் அத்தை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: நல்லதை மட்டும் எழுதினால் என்ன வரும் என்று உங்கள் கடிதத்தின் மீதிப் பக்கங்களே காட்டிவிட்டன. எளிமையானவர், நேரம் தவறாதவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர். சரி, இதில் பெயரை மட்டும் மாற்றினால் என் தாத்தாவுக்கும் பொருந்தும்! நாலு பக்கக் கடிதத்தில் அவரை நான் பார்த்த ஒரே இடம் அந்த டயர்தான். சண்டையை எடுத்துவிட்டால் அதற்கும் அர்த்தமில்லாமல் போகும், யாரோ ஒரு பெரியவர் காற்றடிக்கிறார், அவ்வளவுதான்.

என் அப்பா இறந்தபோது நானும் இப்படித்தான் இரண்டு பக்கம் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு “யார் இது?” என்று கேட்டாள்.

ஆனால் அந்தச் சண்டை தாத்தாவுடையது மட்டும் அல்லவே, பாதி பெரியப்பாவுடையது. அத்தையிடம் அனுமதி கேட்பதை விட்டுவிட்டு முதலில் அவரிடம் போங்கள். டயர் விஷயம் அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம்.

பாட்டி, அத்தை, பெரியப்பா எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் குரல் பெரிதாக இருப்பவரின் ஞாபகமே எல்லோருடைய ஞாபகமாகிவிடும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுச் சம்பவங்கள் என்று நாலைக் கொடுத்தார்கள். மூன்று, உறவினர்கள் சொன்ன நிஜம். நாலாவது, கடைவளாகத்தில் தொலைந்துபோனதாகக் கட்டிய கதை. ஏறத்தாழ நாலில் ஒருவர் அந்தப் பொய்யையும் முழுதாகவோ அரைகுறையாகவோ ‘ஞாபகப்படுத்தி’ச் சொன்னார். வீட்டார் சொன்னதாக நம்பியதால் வந்த வினை. உங்கள் குடும்பத்தில் நாற்பது வருஷமாகச் சொல்லப்படும் கதைகள் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள், பஞ்சாயத்து வேண்டாம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அறிந்த தாத்தா கடைசி அத்தியாயம் மட்டுமே. இருபது வயதில் அவர் யாருக்குப் பயந்தார், என்ன ஆக ஆசைப்பட்டு ஆகாமல் போனார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. அவரோடு பிறந்தவர்கள், அந்தக் காலச் சிநேகிதர்கள் யாராவது இருந்தால் உடனே போய்ப் பாருங்கள். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மறுபடி “எளிமையானவர்” வந்து நிற்கும். முதல் சம்பளத்தை என்ன செய்தார், கோபம் வந்தால் கத்துவாரா, எழுந்து போய்விடுவாரா என்று கேளுங்கள்.

அப்புறம், பழைய போட்டோக்களில் இருப்பவர்களின் பெயர்களைப் பாட்டியிடம் கேட்டுப் பின்பக்கம் குறித்து வையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல். இந்த வாரமே.