கேரவனில் தொட்டியைக் காலி செய்தும் நாற்றம் போகவில்லையா? சிங்க்கின் அடியைப் பாருங்கள்

பழைய கேரவனை (தங்கும் வசதியுள்ள வண்டியை) வாங்கி சென்னை வேளச்சேரியில் வெயிலிலேயே நிறுத்தியிருக்கிறீர்கள்; மலத்தொட்டியைக் காலி செய்தும் நாற்றம் போகவில்லை, அளவுகாட்டியும் முக்கால் காட்டுகிறது என்கிறீர்கள். முதலில் சிங்க்கிலும் ஷவர் துளையிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு மணி நேரம் வண்டியை மூடி வையுங்கள். வாடை அடங்கினால் மலத்தொட்டியின் மேல் குற்றமில்லை.

சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயில் தேங்கும் தண்ணீர்தான் கழிவுத் தொட்டியின் வாயுவை உள்ளே வராமல் மறிக்கிறது. சித்திரை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அது வற்றாமல் என்ன செய்யும்?

இரண்டே நாளில் வாடை திரும்பினால், அதே இடத்தில் குழாயின் மேல்முனையில் கறுப்பு மூடி போலிருக்கும் காற்று வால்வைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ரப்பர் காய்ந்து விறைத்திருந்தால் முழு வால்வையும் மாற்றிவிடுங்கள். ஒட்டுப்போடுவது வீண் வேலை.

காலி செய்தும் அளவுகாட்டி முக்கால் காட்டுவது வேறு சங்கதி. பெரும்பாலும் தொட்டிக்குள் அளவைக் கணிக்கும் சென்சாரில் காகிதம் ஒட்டியிருக்கும். மலத்தொட்டியில் பாதிக்குத் தண்ணீரும் சிறிது பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிய பின் தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்துவிடுங்கள். முந்தைய உரிமையாளர் இந்த வால்வைத் திறந்தே வைத்திருந்தால் நீர் வடிந்து, மலம் மேடுகட்டியிருக்கும்; ஒரு தடவை கழுவினால் போதாது.

ஆசிட் மட்டும் வேண்டாம். ரப்பர் கெடும்; பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழிவை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது நேராக ஆற்றுக்கும் கால்வாய்க்கும் போகிறது. கழிவுநீர் லாரிக்காரரை வரவழைத்து உறிஞ்சச் சொல்லுங்கள்.