மலையேற்றத்துக்கு வரும் நண்பனுக்கு ஹாம் ரேடியோவை எப்படி அறிமுகப்படுத்துவது?

கேட்டவர் கொடைக்கானல் பக்கம் நண்பனோடு மலையேறப் போகிறார். பையில் ஹாம் ரேடியோவும் இருக்கிறது, அதாவது உரிமம் வாங்கி ஆர்வத்துக்காகப் பேசும் வானொலிச் செட். 'அவனுக்கும் ஆசை வரவேண்டும், என்ன செய்யலாம்?' என்பது கேள்வி. நான் ராமநாதபுரம் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் மலை என்று சொல்ல ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம் ஒன்றுதான், அதுவும் ஒரு மேடு. ஆனாலும் நண்பன் ஒருவனை இதற்குள் இழுத்து வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று: விளக்கம் சொல்லாதீர்கள், கேட்க வையுங்கள். அந்த நண்பனுக்கு முன்பே வேறொருவனிடம் அரைமணி நேரம் அலைநீளம், அயனமண்டலம் என்று பாடம் நடத்தினேன். அவன் திரும்ப வரவே இல்லை. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

நான் இழுத்து வந்த நண்பன் மீன்பிடிக் குடும்பம். விசைப்படகில் பக்கத்துப் படகோடு பேசும் வி.எச்.எஃப். வானொலிச் செட் பார்த்து வளர்ந்தவன். கந்தமாதனத்தில் ராமர் பாதம் இருக்கும் மண்டபத்து மாடியில் நின்று, 'மேலே ஏறினால் ஏன் தூரம் போகுது?' என்று கேட்டான். 'பாம்பன் கலங்கரை விளக்கத்தை ஏன் உசரமாக் கட்டினாங்க?' என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். கடற்கரையில் நிற்பவருக்கு ரேடியோவின் தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, 5 கிலோமீட்டர் சொச்சம், 30 மீட்டர் உயரத்தில் 22 கிலோமீட்டர். உங்கள் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், அங்கிருந்து 190 கிலோமீட்டர் வரும். நடுவில் வேறு மலை மறைக்காவிட்டால் கணக்குப்படி எங்கள் ராமநாதபுரமே அதற்குள் அடங்கிவிடும்!

ஆனால் அன்றைக்கு அந்த மேட்டில் 145 மெகாஹெர்ட்ஸ் என்ற வி.எச்.எஃப். அலைவரிசையில் ஒரு குரல்கூட வரவில்லை. அந்த நேரத்தில் பேச ஆளில்லை, அவ்வளவுதான். உயரம் மட்டும் போதாது, எதிர்முனையில் ஆள் வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாளே தெரிந்த ஹாம் ஒருவரிடம் நேரமும் அலைவரிசையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவனுக்கு முதல் பத்து நிமிடம் வெறும் இரைச்சலாகப் போனால் மனசு விட்டுப்போகும்.

அவனுக்கு ஆசை வந்தது மலையில் இல்லை, அரியமான் கடற்கரையில். பங்குனி மாதம், பாக் நீரிணை குளம் மாதிரி கிடந்தது. தூண்டில் கம்பு ஒன்றை ஈரமணலில் நட்டு, அதில் 5 மீட்டர் செப்புக் கம்பியை ஆன்டெனாவாகச் செங்குத்தாகக் கட்டினோம். 14 மெகாஹெர்ட்ஸின் அலைநீளத்தில் அது கால்வாசி. ஆன்டெனாவின் அடியிலிருந்து தரையில் ஓடும் தரைக்கம்பிகளைத் தண்ணீர் ஓரமாக அவனே விரித்தான், வலை விரிக்கிற கையல்லவா, ஒரு சிக்கல் விழவில்லை. காய்ந்த மணலும் பாறையும் அலையைக் குடித்துவிடும், உப்புத்தண்ணீர் குடிக்காது. 14 மெகாஹெர்ட்ஸ் அலை வி.எச்.எஃப். மாதிரி தொடுவானத்தோடு நிற்காது, மேலே அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும்; அதனால் கடலை ஒட்டித் தாழ்வாகப் போகும் அலை வெகுதூரம் போய் இறங்கும். மலை இல்லாத எங்களுக்கு அந்தக் கடல்தான் மலை.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். டயலை அவனிடமே கொடுத்தேன். மெதுவாகத் திருப்பினான். இரைச்சலுக்குள்ளிருந்து, மூக்கடைத்தவர் பேசுகிற மாதிரி ஒரு குரல் கிளம்பி, திருத்தத் திருத்த மனிதக் குரலாகத் தெளிந்தது. இத்தாலிக்காரர், 'சிக்யூ, சிக்யூ' (யாராவது பதில் சொல்லுங்கள்) என்று அழைத்துக்கொண்டிருந்தார். நான் பதில் கொடுத்தேன். மூன்றாவது முறை உரிமத்தோடு எனக்குக் கிடைத்த அடையாளப் பெயரான அழைப்புக்குறியைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். என் செட் வெறும் 5 வாட், வீட்டு எல்.இ.டி. பல்பில் பாதி. 'மாப்ள, நடுவுல டவர் எதுவும் இல்லையாடா?' என்றான். இல்லை என்றேன். அப்புறம் இருட்டும் வரை டயலை என்னிடம் கொடுக்கவே இல்லை.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உரிமம் இல்லாதவர் கையில் மைக்கைக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். உரிமத்தின் நகலும் பையில் இருக்கட்டும். எங்கள் கடலோரம் பாதுகாப்புக் கெடுபிடி உள்ள இடம், அதனால் நான் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போவேன்.

ஆசை வந்துவிட்டால் அடுத்தது உரிமத்துக்கான தேர்வு. 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற ஆரம்ப நிலைக்கு மோர்ஸ் என்ற புள்ளி-கோடு சங்கேதம் தேவையில்லை. 'எதுக்குடா இதெல்லாம், செல்போன் இருக்கே' என்று உங்கள் நண்பன் கேட்டால் 2004 சுனாமியைச் சொல்லுங்கள். அந்தமானில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, வானொலிப் பயணமாக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் நிலையம்தான் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியது. கடலுக்குப் போன அப்பாவுக்காகக் கரையில் காத்திருந்து பழகியவன் என் நண்பன், இதை அவனிடம் இரண்டாம் தடவை சொல்லத் தேவைப்படவில்லை. இப்போது தேர்வுக்குப் படிக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டு மாடியில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பி அளந்துகொண்டிருக்கிறோம்.