கடற்கரையில் வேலை, கையில் புதுப் போன்: டெம்பர் கிளாஸ் போடலாமா?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கட்டாரில் இருக்கும் அண்ணா புதுப் போன் ஒன்று அனுப்பியிருக்கிறார். நான் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கக் கடற்கரைப் பக்கம்தான். டெம்பர் கிளாஸ் போட டவுனுக்குப் போனால், 'இதுக்கு யூவி கிளாஸ்தான் சரி, நாலாயிரத்து ஐந்நூறு' என்கிறார் கடைக்காரர். 'கொரில்லா கிளாஸ் இருக்கிற போனுக்கு ஒன்றுமே தேவையில்லை' என்கிறான் தம்பி. திரை தட்டையானதுதான். யார் சொல்வதைக் கேட்பது?"

தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதையும் விடுங்கள். கிளாஸ் போடுங்கள், ஆனால் திரையின் மேல் ஒட்டும் சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி, அதாவது டெம்பர் கிளாஸ், போதும். தட்டையான திரைக்கு யூவி கிளாஸ் (திரவப் பசை ஊற்றி ஒட்டுவது) போடச் சொல்வது கடைக்காரரின் இலாபத்துக்காக, உங்கள் போனுக்காக இல்லை. விலை குறைந்த கிளாஸை வாங்கி, ஓரம் உடையும்போது மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கு என் பதில் இவ்வளவுதான். ஏன் என்று தெரிந்தால்தான் அடுத்த கடையில் நின்று பேச முடியும் என்பதால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. போன் திரைக்காகப் பலப்படுத்திய கண்ணாடியான, கோர்னிங் நிறுவனத்தின் கொரில்லா கிளாஸ் 2007இல் முதல் ஐபோனோடு வந்தது. உருகிய பொட்டாசியம் உப்பில், ஏறத்தாழ 400 பாகைச் சூட்டில், கண்ணாடியை அமிழ்த்தி எடுப்பார்கள். அப்போது கண்ணாடியின் மேற்புறத்தில் இருக்கும் சிறிய சோடியம் அயன்கள் வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயன்கள் அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். அந்த நெருக்கம்தான் கண்ணாடியின் பலம். ஆனால் நெருக்கமான அந்தப் படை மிக மெல்லியது, பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிப்புக்கூட வராது. ஆழமான கீறல் ஒன்று அதைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அடுத்த முறை போன் விழும்போது வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும். "நேற்று விழுந்து ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்குக் கட்டிலில் இருந்து விழுந்து உடைந்துவிட்டது" என்று வருகிறவர்களின் போனை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பழைய கீறல் ஒன்று இருக்கும்.

கீறல் எதனால் வருகிறது? வீட்டில் எல்லோரும் பயப்படுவது திறப்புக்கும் சில்லறைக் காசுக்கும். அந்தப் பயம் வீண். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில், கத்தி இரும்பு ஐந்தரை அளவில் நிற்கிறது. போன் கண்ணாடி கீறத் தொடங்குவது 6க்கு மேல். ஆகவே திறப்பு அதைக் கீறாது. கடற்கரை மணலில் நிறைந்திருக்கும் குவாட்ஸ் 7. நம்முடைய திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில் இல்மனைட், ரூட்டைல் என்ற கனிமங்களோடு மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே சிர்கோன், அது ஏழரை. உங்கள் கைப்பையின் அடித் தையலைப் பிரித்துப் பார்த்தால் மணல் இருக்கும். களிசான் பொக்கெட்டின் மூலையிலும் இருக்கும். போன் அதற்குள் போய்ப் போய் வரும்போதெல்லாம் அந்த மணிகள் கண்ணாடியை அரைக்கின்றன. நகரத்தில் மேசையில் இருந்து வேலை செய்கிறவருக்கு இந்தக் கிளாஸ் வேண்டுமா என்று யோசிக்கலாம். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா என்று மணலோடு வாழ்கிறவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். டெம்பர் கிளாஸ் போட்டால் போன் விழுந்தாலும் உடையாது என்பது இல்லை. முகம் குப்புற ஒரு கல்லின் மேல் விழுந்தால் மேலே போட்ட கிளாஸ் உடைந்து கீழே உள்ளதைக் காப்பாற்றக் கூடும். ஆனால் போன்கள் பெரும்பாலும் மூலையில்தான் விழுகின்றன. மூலையில் அடி விழும்போது போனைச் சுற்றியுள்ள சட்டம் வளைந்து கண்ணாடியை நெருக்கும். மேலே ஒட்டிய கிளாஸ் அதற்கு ஒன்றும் செய்யாது. அதற்குத் தேவை, திரையை விட விளிம்பு கொஞ்சம் உயர்ந்து நிற்கும் ஒரு நல்ல கவர். மேசையில் போனைக் குப்புற வைத்துப் பாருங்கள். திரை மேசையில் முட்டாமல் கவரின் விளிம்பு மட்டும் முட்டினால் அது சரியான கவர். நாலாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கை இதில் போடுங்கள்.

இனி, கடைகளில் நடப்பது. பெட்டியின் மேல் "9எச்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். மக்கள் அதை மோஸ் அளவில் 9 என்று நினைத்து, வைரத்துக்கு அடுத்த பலம் என்று வாங்குகிறார்கள். அது பென்சிலின் கணக்கு. பூச்சுகளைச் சோதிக்க, 9பி முதல் 9எச் வரை உள்ள பென்சில்களால் கீறிப் பார்ப்பார்கள். 9எச் பென்சில் கீறவில்லை என்றால் அந்தப் பெயர் கிடைத்துவிடும். பென்சில் முனை காரீயமும் (கிராபைட்) களிமண்ணும்தான். உங்கள் வீட்டு யன்னல் கண்ணாடியும் அதில் தேறும்! அப்புறம், கடைக்காரர் மேசை மேல் ஒரு கிளாஸை வைத்துக் கத்தியால் கீறிக் காட்டுவார். மேலே சொன்னேன், கத்தி ஐந்தரை. ஒன்றும் போடாத உங்கள் போனையும் அந்தக் கத்தி கீறாது. அவரிடம் ஒரு பிடி கடற்கரை மணலால் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் மனக்கொதிப்பைத் தருவது. போன் விழுந்து மேலே ஒட்டிய கிளாஸ் மட்டும் உடைந்திருக்கும். பதறிக்கொண்டு கடைக்குப் போவார்கள். "அக்கா, டிஸ்பிளே போயிற்று, மாற்ற வேண்டும்" என்று பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ கேட்பார்கள். போனை உள்ளே எடுத்துப் போய், உடைந்த கிளாஸை உரித்துப் போட்டு, துடைத்துக் கொண்டுவந்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். இதைவிட மோசமானது, நல்ல ஓலெட் திரையைக் கழற்றி வைத்துக்கொண்டு மலிவான எல்சிடி ஒன்றைப் போட்டு அனுப்புவது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். ஆகவே உடைந்தால் முதலில் நீங்களே பாருங்கள். விரல் நகத்தைப் போனின் சட்டத்திலிருந்து திரையின் நடுப்பக்கம் மெல்லத் தள்ளுங்கள். ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு சிறு படியில் நகம் தட்டும். அதுதான் ஒட்டிய கிளாஸின் விளிம்பு. வெடிப்புக் கோடுகள் எல்லாம் அந்தப் படியிலேயே நின்றுவிட்டால், உடைந்தது மேலே உள்ளது மட்டும்தான். வெடிப்பு படியைத் தாண்டிச் சட்டம் வரை ஓடினால், அல்லது திரையில் கறுப்பு மையோ நிறக் கோடுகளோ பரவினால், அப்போது கடைக்குப் போகலாம். அப்போதும் உங்கள் கண் முன்னால் கிளாஸை உரிக்கச் சொல்லுங்கள்.

யூவி கிளாஸ் என்றால் என்ன? திரையின் மேல் திரவப் பசையை ஊற்றி, அதன் மேல் கிளாஸை வைத்து, புற ஊதா (யூவி) விளக்கைப் பிடித்துப் பசையை இறுக வைப்பது. பசை தண்ணீர் போல ஓடும். கதைக்கும்போது சத்தம் வருகிற மேற்துவாரம், பக்கத்துப் பொத்தான்கள், சிம் தட்டு எல்லாவற்றுக்குள்ளும் இறங்கி அங்கேயே இறுகிவிடும். 2024இல் ஷியோமி நிறுவனமே இதைப் போட வேண்டாம் என்று எச்சரித்தது. பொத்தான் வேலை செய்யாமல் போகலாம், ஸ்பீக்கரில் இரைச்சல் வரலாம், உத்தரவாதமும் பாதிக்கப்படலாம் என்று காரணமும் சொன்னது. தட்டையான திரையில் சாதாரண கிளாஸே முழுதாக ஒட்டும் என்பதால், உங்களுக்கு இந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்க எந்தக் காரணமும் இல்லை.

யூவி கேட்கிற போன் ஒன்று உண்டு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் காட்டித்தான் எல்லோருக்கும் யூவியை விற்கிறார்கள். திரையின் இரண்டு பக்கமும் கீழே வளைந்து இறங்கும் போன்கள்தான் அவை. உங்களுடையது அப்படியா என்று பார்க்க, அடையாள அட்டையின் நேரான ஓரத்தைத் திரையின் குறுக்கே வையுங்கள். இரு பக்கமும் அட்டைக்குக் கீழே வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் வளைந்த திரை. விளிம்பில் மட்டும் மயிரிழை போல் தெரிந்தால் அது தட்டைதான். வளைந்த திரையில் சாதாரண கிளாஸ் ஓரத்தில் மட்டும் ஒட்டி, நடுவில் காற்று நிற்கும். தொடுகை பிசகும். திரைக்குக் கீழே விரல் அடையாளம் பார்க்கும் போன்களில், ஒலியலையால் பார்க்கிற வகை என்றால் இன்னும் சிக்கல். ஒலியலை காற்று இடைவெளியைத் தாண்டி ஒழுங்காகத் திரும்பாது. அதனால்தான் பசையால் இடைவெளியை நிரப்பும் யூவியை அங்கே சொல்கிறார்கள்.

அங்கேயும் என் முதல் யோசனை, கிளாஸை விட்டுவிட்டு ஹைட்ரோஜெல் பிலிம் என்ற, வளையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவதுதான். அடியைத் தாங்காது, ஆனால் மணல் கீறலை அது வாங்கிக்கொள்ளும், வளைவோடு படியும், துவாரத்துக்குள் எதுவும் ஊறாது. யூவிதான் வேண்டும் என்று நின்றால், துவாரங்களையும் பொத்தான்களையும் நாடா ஒட்டி மூடிய பிறகே பசையை ஊற்றச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். எதைப் போட்டாலும் சரி, போட்ட பிறகு பழைய விரல் அடையாளத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். 2019 ஒக்டோபரில் சாம்சங் கலக்சி எஸ்10 போன்களில் சில சிலிக்கன் உறைகளின் மேற்பரப்பு வடிவத்தையே போன் விரல் என்று பதிந்துகொண்டு, வேறு ஆட்களின் விரலுக்கும் திறந்துவிட்டது. நிறுவனம் ஒப்புக்கொண்டு மென்பொருளைத் திருத்தியது. வங்கிச் செயலி வைத்திருப்பவர்கள், போட்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரின் விரலை வைத்துப் பார்த்துவிட்டே கடையை விட்டு இறங்குங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்குத் திரை தெரியாமல் மறைக்கும் பிரைவசி கிளாஸ் வேண்டாம். நம் வெயிலில் திரை தெரியாது, வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி பற்றரி போகும்.

இன்னொன்று, உங்கள் போனில் ஏற்கெனவே ஒரு மெல்லிய பிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரெட்மி, ஒப்போ, விவோ போன்ற பல போன்கள் தொழிற்சாலையிலேயே ஒட்டித்தான் வருகின்றன. முன் கமராவின் அருகில் நகத்தை ஓட்டினால் சிறு விளிம்பு தட்டும். அது கீறி மங்கும் வரை அதுவே போதும். கடையில் அதை உரித்துப் போட்டுவிட்டுப் புதிது விற்பார்கள், விடாதீர்கள்.

போடும்போது தூசிதான் எதிரி. கச்சான் அடிக்கிற மாதங்களில் வீதியோரக் கடையின் மேசையில், தலைக்கு மேல் காற்றாடி சுற்ற, கிளாஸ் ஒட்டினால் கொப்புளம் வராமல் என்ன செய்யும்? காற்றாடியை நிறுத்தச் சொல்லுங்கள். ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி, பிறகு தூசி எடுக்கும் ஒட்டுத்தாள், மூன்றும் முடிந்த பிறகே கிளாஸ். ஒரு மணல் மணி உள்ளே அகப்பட்டால் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். தூக்கி, ஒட்டுத்தாளால் எடுத்து, மறுபடி வைக்க வேண்டும்.

பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தாக வேண்டும். முறைப்பாடு சொல்ல 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் ஒரு டெம்பர் கிளாஸுக்கு பில் கேட்கிறார்கள்? கண்ணாடியின் தடிப்பு எவ்வளவு, எந்த வகைக் கண்ணாடி என்று ஒரு வரிகூட அச்சிடாத பெட்டிகள் தாராளமாக விற்கப்படுகின்றன. யாரும் தட்டிக் கேட்பதில்லை. போன் பழுதானால் உத்தரவாத அட்டையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டியவர்கள் நாங்கள். அங்கே போனால் "இது உடைவு, உத்தரவாதத்தில் வராது" என்று ஒரே வசனத்தில் அனுப்பிவிடுவார்கள். அண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய போனுக்கு இங்கே அந்த வசனத்தைக் கேட்கிற உரிமைகூடப் பெரும்பாலும் இல்லை. பசை இறங்கி ஸ்பீக்கர் அடைத்தால் பார்க்க ஆள் இல்லாத போனில் யூவியை ஊற்ற வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

ஒட்டிய கிளாஸின் ஓரம் கிளம்பினால் அன்றைக்கே மாற்றுங்கள். கிளம்பிய ஓரத்துக்குள் மணல் போனால் பாதுகாக்கப் போட்ட கிளாஸே அரைக்கத் தொடங்கும். கழற்றும்போது பிளேடு வேண்டாம். பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் மூலையை ஒரு பக்கத்தில் நுழைத்து, கிளாஸை மேலே நிமிர்த்தாமல், அட்டையை மெதுவாக மற்றப் பக்கம் நகர்த்துங்கள். உடைந்த கிளாஸ் என்றால் முதலில் மேலே அகலமான ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள், சில்லுகள் விரலில் ஏறாது.